ரெடிமேட் வகுப்பறை: சுவர் லாரியில் வரும், அதைப் பூட்டத் தெரிந்த கை எங்கே?

பழுதான பள்ளிக் கட்டிடத்தை இடித்தாகிவிட்டது. புதுக் கட்டிடம் எழும்பும்வரை பிள்ளைகள் சமுதாயக் கூடத்திலோ மரத்தடியிலோ உட்கார்ந்து படிக்கிறார்கள். தமிழ்நாட்டில் பல ஊர்களில் பார்த்த காட்சி இது. இந்த இடத்தில்தான் "ஆலையில் செய்த சுவரையும் கூரையையும் கொண்டுவந்து பூட்டினால் சில வாரங்களில் வகுப்பறை ரெடி" என்ற பேச்சு எழுகிறது.

கேட்பவர்கள் இரண்டு விதமாகக் குழம்புகிறார்கள். அட்டைப் பெட்டி மாதிரி பூட்டிய கட்டிடம் பிள்ளைகள் தலையில் விழாதா என்பது ஒரு பயம். இனிமேல் கொத்தனாரே வேண்டாம், எல்லாவற்றையும் இயந்திரம் பார்த்துக்கொள்ளும் என்பது ஒரு நம்பிக்கை. பயத்துக்குக் காரணம் இருக்கிறது, ஆனால் அது ஆலையில் செய்த சுவர், கூரைப் பலகையில் இல்லை. நம்பிக்கை தவறானது. ஆலைக் கட்டுமானத்திலும் கைத்திறன் வேண்டும். அது இருக்கும் இடம்தான் மாறுகிறது. சுவர் முழுக்கப் பரவியிருந்த திறன், பலகையும் பலகையும் சேரும் சில அங்குல இணைப்புக்குள் வந்து அடங்குகிறது. வேலை முடிந்த பிறகு அந்த இணைப்பு யார் கண்ணுக்கும் தெரியாது. இதை விளங்கிக்கொண்டால், யாருக்கு எதைக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பதும் தெளிவாகும்.

வேகம் ஏன் தேவைப்படுகிறது

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக்கூடக் கூரை தீப்பற்றி 94 பிள்ளைகள் இறந்தார்கள். கீற்றுக் கொட்டகையில் வகுப்பு நடத்துவதை யாரும் நியாயப்படுத்த முடியாத நிலை அதற்குப் பிறகுதான் வந்தது. 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து 3 மாணவர்கள் இறந்தார்கள். அதன் பிறகு மாநிலம் முழுக்கப் பழுதான பள்ளிக் கட்டிடங்கள் கணக்கெடுக்கப்பட்டு இடிக்கப்பட்டன. அரசுப் பள்ளிகளில் புதிய வகுப்பறைகள் கட்ட, பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டம் 5 ஆண்டுகளுக்கு 7,000 கோடி ரூபாய் என 2022-ல் அறிவிக்கப்பட்டது. இடிப்பது ஒரு நாள் வேலை. கட்டுவது அப்படி இல்லை.

வழக்கமான முறையில் நாள் எங்கே போகிறது? அடித்தளம், அதன்மேல் சுவரைத் தாங்கும் பிளிந்த் பீம், செங்கல் சுவர், கதவு ஜன்னலுக்கு மேலே வரும் லிண்டல், பிறகு தளம். ஒவ்வொன்றும் முந்தையது இறுகும்வரை காத்திருக்க வேண்டும். 4.5 மீட்டருக்கு மேல் அகலம் தாண்டும் தளத்துக்குக் கீழே கொடுத்த முட்டுகளை 14 நாளுக்கு முன் எடுக்கக்கூடாது என்கிறது இந்தியத் தர விதி ஐ.எஸ். 456. 20 அடி அகல வகுப்பறை இதற்குள் வந்துவிடும். அப்புறம் பூச்சு, நீராற்றுதல், தரை. நடுவில் மழை வந்தால் நிற்கும். மேஸ்திரி தன் ஆட்களை வேறு ஊர் வேலைக்குக் கூட்டிப்போனால் அதைவிட அதிக நாள் நிற்கும். கிராமத்தில் கட்டிடம் தாமதமாவதற்கு சிமெண்ட் இறுகும் நேரத்தைவிட ஆள் இல்லாத நாட்களே பெரிய காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆலைக் கட்டுமானம் இந்தக் காத்திருப்பை உடைக்கிறது. ஊரில் அடித்தளம் போடும் அதே வாரத்தில் ஆலையில் சுவரும் கூரையும் தயாராகிக்கொண்டிருக்கும்.

"ப்ரீஃபேப்" என்ற ஒரே பெயரில் மூன்று வேறு வேலைகள்

செய்திகளில் எல்லாவற்றையும் ஒரே சொல்லால் குறிக்கிறார்கள். ஆனால் ஒவ்வொன்றும் கேட்கும் ஆட்கள் வேறு.

1. பெரிய ப்ரீகாஸ்ட் பலகை. சுவர் முழுவதையும் கம்பி கட்டி, அச்சில் கான்கிரீட் ஊற்றி, ஆலையிலேயே இறுகவைத்து அனுப்புவது. சென்னை பெரும்பாக்கத்தில் லைட் ஹவுஸ் திட்டத்தின்கீழ் கட்டி, 2022 மே மாதம் திறக்கப்பட்ட 1,152 வீடுகள் ப்ரீகாஸ்ட் முறையில் வந்தவைதான். இதற்கு கிரேன் இல்லாமல் முடியாது.

2. இரும்புச் சட்டமும் பேனலும். துத்தநாகம் பூசிய மெல்லிய தகட்டை மடித்துச் செய்த சட்டங்களைப் போல்ட்டும் ஸ்க்ரூவும் போட்டு நிறுத்தி, அவற்றின்மேல் பஃப் பேனலோ (நடுவில் நுரை நிரப்பிய தகடு) சிமெண்ட் போர்டோ அடைப்பது. எடை குறைவு. மலைப் பாதையில் கொண்டுபோகலாம். ஆனால் காற்றுக்கும் துருவுக்கும் கணக்குச் சொல்ல வேண்டும்.

3. ஆள் தூக்கும் சிறு துண்டுகள். ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டிட ஆய்வு நிறுவனம் உருவாக்கிய பலகை-விட்டம் கூரை இதற்கு நல்ல உதாரணம். கான்கிரீட் விட்டங்களைச் சுவர்மேல் வரிசையாக வைத்து, அவற்றுக்கு நடுவே இரண்டு பேர் தூக்கக்கூடிய சிறு பலகைகளை அடுக்கி, மேலே கொஞ்சம் கான்கிரீட் போட்டு ஒன்றாக்குவது. இதற்கென்றே ஐ.எஸ். 13994 என்ற தனி விதி 1994-லிருந்து இருக்கிறது. கிரேன் வேண்டாம். பலகைகளை ஊர்ப் பக்கத்திலேயே வார்த்துக்கொள்ளலாம். இத்தனை ஆண்டுகளாக விதி இருந்தும் ஊர்களில் இதைத் தெரிந்தவர்கள் குறைவு என்பது வருத்தமான விஷயம்.

பெரும்பாக்கத்தை எடுத்துக்காட்டி "சென்னையில் முடிந்தது, கிராமப் பள்ளியில் முடியாதா" என்று கேட்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே 1,152 வீடுகளும் ஒரே வளாகத்தில் இருந்தன. ஒரே மாதிரி இணைப்பை ஒரே குழு நூற்றுக்கணக்கான முறை செய்தது. முதல் பத்து வீட்டில் தடுமாறினாலும் ஐம்பதாவது வீட்டில் கை பழகிவிடும். கிராமப் பள்ளி அப்படி இல்லை. இந்த ஊரில் இரண்டு அறை, அடுத்த ஊரில் மூன்று அறை. ஒவ்வொரு ஊரிலும் புதுக் குழுவை இறக்கினால் எந்தக் குழுவும் முதல் கட்டிடத்தைத் தாண்டுவதே இல்லை. கற்றுக்கொள்ளும்போது நடக்கும் பிழைகள் எல்லாம் பிள்ளைகள் உட்காரும் அறையிலேயே தங்கிவிடும்.

கச்ச் பள்ளிகளில் நடந்தது

இது வெறும் அச்சம் இல்லை. நம் நாட்டிலேயே, கிராமப் பள்ளிகளிலேயே நடந்தது.

குஜராத்தில் 1999-ஐ ஒட்டி, கிராமத்து ஆரம்பப் பள்ளிகளுக்காக ஒற்றை மாடி ப்ரீகாஸ்ட் அறைகள் பெரிய எண்ணிக்கையில் கட்டப்பட்டன. நோக்கம் நல்லது: அறை இல்லாத ஊர்களுக்குச் சீக்கிரம் அறை கிடைக்க வேண்டும். 2001 ஜனவரி 26 காலை 8.46-க்கு கச்ச் பகுதியை நிலநடுக்கம் உலுக்கியது. கட்டி இரண்டு ஆண்டுகூட ஆகாத அந்த அறைகளில் பலவற்றின் கூரைப் பலகைகள் பிரிந்து உள்ளே விழுந்தன. அன்று குடியரசு நாள். வழக்கமாக வகுப்பு நடக்கும் ஒரு வேலைநாளில், இன்னும் சில மணி நேரம் கழித்து இது நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை.

ஆய்வு செய்த பொறியாளர்கள் பார்த்தது என்ன? கூரைப் பலகைக்கும் பலகைக்கும் நடுவிலும், கூரைக்கும் அதைத் தாங்கும் சுவருக்கும் நடுவிலும் போதுமான பிடிப்பு இல்லை. துண்டுகள் தம் எடையால் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்திருந்தன, அவ்வளவுதான். செங்குத்தாக வரும் எடையைத் தாங்க அது போதும். பக்கவாட்டில் தள்ளினால் போதாது.

இதிலிருந்து வேறொன்றையும் படிக்க வேண்டும். கூரைப் பலகை வலுவாக இருப்பதும் கூரை வலுவாக இருப்பதும் ஒன்றில்லை. ஆலைத் தரச் சான்றிதழ் பலகைக்கு மட்டுமே. இணைப்புக்கு எந்த ஆலையும் சான்றிதழ் தர முடியாது, ஏனென்றால் இணைப்பு பிறப்பது ஊரில்.

லண்டனிலும் இதே பாடம் கிடைத்தது. ரோனன் பாயிண்ட் என்ற 22 மாடி ப்ரீகாஸ்ட் குடியிருப்பில் 1968 மே 16 அன்று 18-ஆவது மாடி வீடொன்றில் எரிவாயு வெடித்தது. ஒரு சுவர்ப் பலகை வெளியே தள்ளப்பட்டதும் அந்த மூலை முழுவதும் மேலிருந்து கீழ்வரை சரிந்து 4 பேர் இறந்தார்கள். 1986-ல் அந்தக் கட்டிடத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்த்தபோது, பல இணைப்புகள் சரியாக நிரப்பப்படவே இல்லை என்பது தெரிந்தது. 18 ஆண்டுகளாக அது யார் கண்ணிலும் படவில்லை.

தமிழ்நாட்டில் கச்ச் அளவுக்கு நிலநடுக்க ஆபத்து இல்லை, உண்மை. ஆனால் நம் கடலோரத்தில் காற்று அந்தச் சோதனையை வைக்கும். 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயலைப் பார்த்தவர்களுக்கு, கூரை விழுவதைவிடப் பறப்பதுதான் அந்தப் பக்கத்துப் பிரச்சினை என்று சொல்லத் தேவையில்லை. எடை குறைந்த இரும்புச் சட்டக் கட்டிடத்தைக் காற்று மேல்நோக்கி இழுக்கும். அப்போது அதைப் பிடித்துவைப்பது அடித்தளத்துக்குள் இறங்கும் நங்கூர போல்ட் மட்டுமே.

இணைப்பைச் செய்யும் ஆளுக்கு என்ன தெரிய வேண்டும்

1. அடித்தளத்தில் மில்லிமீட்டர். செங்கல் கட்டில் அரை அங்குலம் முன்பின் போனால் பூச்சில் சரிசெய்துவிடலாம். நம் கொத்தனார்கள் அதில் கெட்டிக்காரர்கள். ப்ரீகாஸ்ட் பலகை அப்படி மன்னிக்காது. அடித்தளத்திலிருந்து நிற்கும் கம்பிகள், பலகையின் அடியில் விட்ட துளைக்குள் அப்படியே இறங்க வேண்டும். சில மில்லிமீட்டர்தான் இடம் இருக்கும். கம்பி விலகியிருந்தால் கிரேன் வாடகை ஓடிக்கொண்டிருக்கும்போது எல்லாரும் ஒரே முடிவுக்கு வருவார்கள்: வளை, இல்லாவிட்டால் அறுத்துவிடு. அறுத்த கம்பியை மூடிப் பலகை உட்கார்ந்துவிடும். வெளியே பார்க்க அழகாகவும் இருக்கும். உள்ளே அந்தச் சுவர் எதிலும் கட்டப்படாமல் நிற்கிறது.

இதைத் தடுக்க இரண்டு திறன் வேண்டும். முதலாவது அளவு. மட்டக்குழாயும் தூக்குக்குண்டும் பழகிய கை, மட்டம் பார்க்கும் ஆட்டோ லெவல் கருவியைப் பிடிக்கவும், கான்கிரீட் ஊற்றும்போது கம்பிகளை அசையாமல் நிறுத்தும் துளைத்தகடு வைக்கவும் பழக வேண்டும். மேஸ்திரிக்கு இது ஒரு வாரத்தில் வரும். இரண்டாவது, "கம்பி சேரவில்லை, பலகையை இறக்காதே" என்று சொல்லும் அதிகாரம். இது பயிற்சியில் மட்டும் வராது. ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும்.

2. தூக்குதல். 3 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரம், 15 சென்டிமீட்டர் கனமுள்ள ஒரு சுவர்ப் பலகை சுமார் 3.4 டன். இரண்டு கால் பெல்ட் போட்டுத் தூக்கும்போது, பெல்ட் படுக்கைக்கோட்டுக்கு 60 டிகிரியில் இருந்தால் ஒவ்வொரு காலிலும் சுமார் 2 டன் இழுவை வரும். பெல்ட் குட்டையாக இருந்து கோணம் 30 டிகிரிக்கு இறங்கினால் ஒவ்வொரு காலுக்கும் 3.4 டன் முழுவதும் வந்துவிடும். அதே பலகை, அதே கிரேன், பெல்ட்டின் நீளம் மட்டுமே வேறு. கோணத்தைக் கண்ணால் பார்த்துச் சொல்லத் தெரிந்தவர்தான் ரிக்கர். ஊரில் வாடகைக்குக் கிடைக்கும் ஹைட்ரா கிரேனில் 12 டன் என்று எழுதியிருந்தாலும் அது பூம் (கிரேனின் நீளும் கை) குறுகி, சுமை அருகில் இருக்கும்போது மட்டும்தான். பூமை நீட்ட நீட்டத் தாங்கும் எடை வெகுவாகக் குறையும். பள்ளி வளாகத்தில் வேப்பமரமும் மின்கம்பியும் இருக்கும். கிரேன் தள்ளி நின்று பூமை நீட்டத்தான் வேண்டிவரும். இந்தக் கணக்கை முதல் நாளே போடாத குழு, பலகை லாரியில் வந்து இறங்கிய பிறகு திகைத்து நிற்கும்.

3. தற்காலிக முட்டு. நிறுத்திய சுவர் இணைப்பு இறுகும்வரை தனியே நிற்காது. சாய்வு முட்டுகள் இரண்டு பக்கம் பூட்டிய பிறகுதான் கிரேன் கொக்கியைக் கழற்ற வேண்டும். எப்போது முட்டுகளை எடுக்கலாம் என்பதைக் குழுத்தலைவர் ஒருவர்தான் சொல்ல வேண்டும்.

4. கிரவுட். என் கணக்கில் மிக முக்கியமான திறன் இதுதான். வெளியிலிருந்து பார்த்தால் மிக எளிமையாகத் தெரிவதும் இதுதான். இணைப்புத் துளைக்குள் சுருங்காத சிமெண்ட் கலவையை ஊற்றுகிறார்கள். ஒரு மூட்டைக்கு எவ்வளவு தண்ணீர் என்று மூட்டையிலேயே எழுதியிருக்கும். கொத்தனாரின் கை காலம்காலமாகக் கலவையின் ஈரத்தைப் பார்த்து, வெயிலைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் தண்ணி விடு" என்று பழகியது. செங்கல் கட்டில் அது அறிவு. கிரவுட்டில் அதே பழக்கம் வலிமையைத் தின்றுவிடும். கலவை பிரிந்து, மேலே தண்ணீரும் கீழே மணலுமாக நிற்கும். ஆகவே தண்ணீரை அளவுக் குவளையால் அளக்க வேண்டும். கலந்த கலவை நம் வெயிலில் சீக்கிரம் இறுகத் தொடங்கும். அதற்கு மறுபடி தண்ணீர் விட்டுக் கிளறி ஊற்றவே கூடாது. காலை வெயில் ஏறுமுன் ஊற்றுவது நல்லது. துளையின் கீழ்ப்பக்கம் ஊற்றி மேல்பக்கம் வழிந்து வரும்வரை நிறுத்தக்கூடாது, ஏனென்றால் உள்ளே காற்று சிக்கியிருக்கிறதா என்று காட்டும் ஒரே அடையாளம் அந்த வழிவுதான். ஒவ்வொரு நாளும் ஊற்றிய கலவையில் சிறு கட்டிகள் வார்த்துச் சோதனைக்கு அனுப்ப வேண்டும்.

5. இரும்புச் சட்டம் என்றால் போல்ட்டை எந்த அளவுக்கு இறுக்குவது என்பதை டார்க் ரெஞ்ச் காட்டும். கையால் "இறுகிடுச்சு" என்பது போதாது. தகட்டை வெட்டிய ஓரத்தில் துத்தநாகப் பூச்சு போயிருக்கும். அங்கே மறுபூச்சு அடிக்காவிட்டால், நாகப்பட்டினம் மாதிரி உப்புக்காற்று ஊரில் துரு அங்கிருந்துதான் தொடங்கும்.

6. மழைநீர் அடைப்பு, பலகை எண் வாசிப்பு, இறக்கி அடுக்கும் வரிசை. இவை எளிய திறன்கள். ஆனால் முதலில் நிறுத்த வேண்டிய பலகை லாரியின் அடியில் இருந்தால் அன்றைய நாள் போனது.

மண்ணும் பாதையும்

நகரத்துக் குழுவுக்குத் தெரியாதவை இவை. கோவில்பட்டி, விருதுநகர் பக்கத்துக் கரிசல் மண் மழையில் ஊதி வெயிலில் வெடிக்கும். அடித்தளம் ஒரு மூலையில் லேசாக எழும்பினாலும் செங்கல் சுவரில் விரிசலாகத் தெரியும். பலகைக் கட்டிடத்தில் அந்த அசைவு முழுவதும் இணைப்பில்தான் போய் உட்காரும். அந்த மண்ணைத் தெரிந்தவர் ஊர்க் கொத்தனார்தான். கொல்லிமலைக்குப் போகும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். நீளமான டிரெய்லர் அதில் திரும்பாது. ஆக, அங்கே முதல் வகையைப் பற்றிப் பேசவே வேண்டாம், இரண்டாவதோ மூன்றாவதோதான்.

யாருக்குக் கற்றுக்கொடுப்பது

கொத்தனாரை விட்டுவிட்டு நகரத்திலிருந்து முழுக் குழுவையும் இறக்குவது சுலபமாகத் தெரியும். அப்படிச் செய்தால் கட்டிடம் எழும்பிய மறுநாள் அதைப் பற்றித் தெரிந்த ஒருவர்கூட ஊரில் இருக்க மாட்டார். சில ஆண்டு கழித்து ஸ்மார்ட் போர்டு மாட்ட வரும் எலக்ட்ரீஷியன், பழக்கத்தில் சுவரைக் கொத்தி வயர் விடுவார். அவர் கொத்தும் இடம் இணைப்பாக இருந்தால்? அவர்மேல் தவறில்லை. சொல்லித்தர ஆள் இல்லை.

எனக்குச் சரியென்று படுவது இரண்டு அடுக்கு. இணைப்பும் தூக்குதலும் செய்ய மாவட்டத்துக்கு ஒரு நிலையான குழு. ரிக்கர்கள், அளவு பார்ப்பவர், கிரவுட் ஆட்கள், குழுத்தலைவர் என எட்டுப் பத்துப் பேர். அவர்கள் பள்ளி பள்ளியாக நகர்வார்கள்; நாற்பதாவது பள்ளியில் அவர்கள் கை நாற்பது பள்ளிகளின் அனுபவத்தோடு இருக்கும். ஊரில் அடித்தளம், தரை, தாழ்வாரம், கழிப்பறை, பராமரிப்பு எல்லாம் ஊர்க் கொத்தனார்களிடம். இரண்டு அடுக்கும் சந்திக்கும் இடம் அடித்தளக் கம்பி. அங்கே இருவரும் சேர்ந்து அளந்து கையெழுத்திட வேண்டும்.

பயிற்சி வகுப்பறையில் நடந்தால் பலனில்லை. ஒரு முழு அளவு அறையை நிறுத்தி, பிரித்து, மறுபடி நிறுத்த வேண்டும். கிரவுட் ஊற்றிய ஒரு மாதிரி இணைப்பை மறுநாள் அறுத்து உள்ளே காட்ட வேண்டும். தன் கையால் ஊற்றியதற்குள் ஒரு குழி இருப்பதைப் பார்த்த ஆள் பிறகு ஒருநாளும் தண்ணீரைக் கூட்ட மாட்டார். 2015-ல் தொடங்கிய மத்திய அரசின் திறன் திட்டத்தில், ஏற்கெனவே தெரிந்த தொழிலுக்குச் சோதனை வைத்துச் சான்றிதழ் தரும் வழி உண்டு. கொத்து வேலைக்கு அது பொருந்தும். ஆனால் இந்த இணைப்பு வேலை நம் தொழிலாளர்களில் மிகப் பலர் இதுவரை செய்யாதது. தெரியாத தொழிலுக்கு அந்தக் குறுக்குவழிச் சான்றிதழைக் கொடுத்துவிடக் கூடாது.

அடுத்து, சித்தாள்கள். நம் கட்டுமானத்தில் பெண்கள் ஆயுள் முழுக்கக் கல்லும் கலவையும் சுமக்கிறார்கள். கரண்டி அவர்கள் கைக்கு வருவது அரிது. ஆலைக் கட்டுமானம் முதலில் ஒழிப்பது சுமக்கும் வேலையைத்தான். அப்படியென்றால் அவர்கள் கூலி போய்விடும். அதே சமயம் ஆலைக்குள் கம்பிக் கூடு கட்டுவது, அச்சு தயார்செய்வது, கம்பியைச் சுற்றிக் கான்கிரீட் கனம் கிடைக்க வைக்கும் கவர் பிளாக்கைச் சரிபார்ப்பது, ஊரில் கிரவுட் அளந்து கலப்பது, இணைப்பைப் படமெடுத்துப் பதிவுசெய்வது எல்லாம் தோள் வலுவைவிடக் கவனத்தைக் கேட்கும் வேலைகள். ஜார்க்கண்டில் தூய்மை இந்தியா திட்டத்துக் கழிப்பறைகளைக் கட்டப் பெண்களுக்குக் கொத்து வேலை கற்றுத் தந்தார்கள். 'ராணி மிஸ்திரி' என்ற பெயரே நிலைத்துவிட்டது. பயிற்சிக்கு ஆள் எடுக்கும்போதே பெண்களுக்கு இடம் ஒதுக்கினால் இங்கேயும் முடியும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் நடக்காது.

சட்டத்தில் ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். கட்டுமானத் தொழிலாளர்களுக்கான 1996-ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தின் வரையறை, தொழிற்சாலைச் சட்டத்தின்கீழ் வரும் வேலையை விலக்கி வைத்தது. ஊரில் சுவர் கட்டியவர் கட்டுமானத் தொழிலாளி. அதே சுவரை ஆலையில் வார்ப்பவர் அந்த வரையறைக்கு வெளியே. நல வாரியத்தில் பல ஆண்டுகளாகப் பதிந்து வந்த ஒருவர் ஆலைக்குப் போனால் பிள்ளைகளின் கல்வி உதவியும் ஓய்வூதியமும் என்ன ஆகும் என்பதற்கு முன்கூட்டியே வழி செய்யாமல் "வாருங்கள், புதுத் தொழில் கற்றுக்கொள்ளுங்கள்" என்று கூப்பிடுவது நியாயம் இல்லை.

ஓவர்சியர்களையும் விடக்கூடாது. நம் அரசுப் பணிகளில் ஊரில் அளந்து அளவுப் புத்தகத்தில் எழுதித்தான் பணம் தருவார்கள். சுவர் எத்தனை சதுர மீட்டர் என்று எழுத அவருக்குத் தெரியும். இணைப்பு எத்தனை சரியாக நிரம்பியது என்று எழுத அந்தப் புத்தகத்தில் வழக்கமே இல்லை. பணம் எதற்குத் தரப்படுகிறதோ அதில்தான் ஒப்பந்தக்காரர் கவனம் இருக்கும். இணைப்பைத் தனி இனமாக்கி, சோதனை முடிவோடு பணம் தர வேண்டும்.

மெக்சிகோ செய்த பிரிப்பு

ஆலைக்கு எதைக் கொடுப்பது, ஊருக்கு எதை விடுவது என்ற கேள்விக்கு மெக்சிகோ நல்ல பதில் சொன்னது. 1944-லேயே பள்ளிக் கட்டிடங்களுக்கென்று ஓர் அமைப்பை அங்கே தொடங்கிவிட்டார்கள். கட்டிடக்கலைஞர் பெத்ரோ ராமிரெஸ் வாஸ்கெஸ் அங்கு வடிவமைத்த கிராமப் பள்ளி, 1960-ல் மிலான் த்ரியென்னாலே கண்காட்சியில் பெரும் பரிசு பெற்றது. இரும்புச் சட்டம் ஆலையில் அளவாகச் செய்யப்பட்டு ஊருக்குப் போனது. சுவரை அந்தந்த ஊர் மக்கள் தங்கள் ஊரில் கிடைத்த கல்லாலும் மண்கட்டியாலும் செங்கல்லாலும் கட்டினார்கள். கூடவே ஆசிரியர் தங்க ஒரு வீடும் உண்டு.

அதன் அழகு பிரிப்பில் இருக்கிறது. உயிரைத் தாங்கும் சட்டத்தில் பிழை நேரக்கூடாது. அது ஆலைக்குப் போனது. சுவரில் உள்ளூர்க் கை பழகியது. அது ஊரிலேயே இருந்தது. கொல்லிமலைக்கும் ஜவ்வாது மலைக்கும் நாம் யோசிக்க வேண்டிய வழி இது மாதிரி ஒன்றுதான் என்று நினைக்கிறேன். சமவெளியில், ஒரு ஒன்றியத்தில் பல பள்ளிகள் நெருக்கமாக இருந்தால் பலகை-விட்டம் கூரையே போதும். பெரிய பலகை முறை ஒரே வளாகத்தில் பத்துப் பன்னிரண்டு அறை கட்டும் மேல்நிலைப் பள்ளிகளுக்குத்தான் பொருந்தும்.

உங்கள் ஊர்ப் பள்ளிக்கு வந்தால் கேட்க வேண்டியவை

பள்ளி மேலாண்மைக் குழுக்கள் 2022-ல் திருத்தி அமைக்கப்பட்டன. அப்போது ஒவ்வொன்றிலும் 20 பேர் இருந்தார்கள், பெரும்பாலும் பெற்றோர். பொறியியல் படிக்காதவர்களும் இவற்றைக் கேட்கலாம்.

1. கட்ட வந்த குழு இதற்கு முன் எத்தனை கட்டிடம் நிறுத்தியது? ஒன்றுமில்லை என்றால், பயிற்சி அறையை எங்கே நிறுத்திப் பழகினார்கள்?

2. அடித்தளக் கம்பிகளின் அளவைப் பலகை வருமுன் யார் சரிபார்த்தார்? கம்பி ஏதாவது அறுக்கப்பட்டதா?

3. கிரவுட் ஊற்றுமுன்னும் பின்னும் ஒவ்வொரு இணைப்பையும் எண்ணோடு படமெடுத்தார்களா? அந்தப் படங்களின் ஒரு பிரதி தலைமை ஆசிரியரிடம் இருக்கிறதா?

4. சுவரில் எங்கே துளை போடலாம், எங்கே போடக்கூடாது என்று காட்டும் வரைபடம் பள்ளியில் மாட்டப்பட்டிருக்கிறதா?

5. பலகை தூக்கும் நாட்களில் பிள்ளைகள் வளாகத்துக்குள் வராமல் இருக்க என்ன ஏற்பாடு?

6. முதல் வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் கட்டிய குழு திரும்பி வந்து இணைப்புகளையும் கசிவையும் பார்க்கும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதா? இருந்தால், அந்தத் தேதியைக் கேட்டுத் தீர்மானப் பதிவேட்டில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.